நாற்காலி கொண்டு வரவும்

இந்தக் கதையில் எவ்வளவு எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த பேருந்து இருக்கை பச்சை நிறம் என்று நான் சொல்வேன். நீலம் என்று அப்பா சாதிப்பார். அம்மாவைக் கேட்டால், "ரெண்டும் இல்ல, அழுக்கு நிறம்" என்பார்.

அது போகட்டும். ஒன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் காதுகள் எப்படிச் சுட்டன என்பது. வெட்கம் வந்தால் சிலருக்கு முகம் சிவக்கும், சிலருக்குக் கண் கலங்கும். எனக்குக் காது சுடும். அந்த நாட்களில் அவை சுடாத நேரமே குறைவு.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் அரசாங்கக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு. எங்கள் வீடு நான்காம் மாடியில்.

குழாய்த் தண்ணீர் இரண்டாம் மாடி வரை ஒழுங்காக ஏறும். மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் களைத்துப்போய்ச் சொட்டுச் சொட்டாக விழும். நான்காம் மாடிக்குச் சத்தம் மட்டும்தான் வரும். குழாயைத் திறந்தால் "ஹூம்ம்ம்" என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

அதனால் கீழே இருக்கும் பொதுக்குழாயில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவோம். அப்பா விடியும் முன்பே பேருந்துப் பணிமனைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வருவார். அம்மாதான் தூக்குவார். பகல் முழுவதும் பேக்கரியில் மாவுத் தட்டுகளைத் தூக்கிய அதே கையால், மாலையில் தண்ணீர். அவருடைய வலது தோள் மெல்ல மெல்ல மடங்கிப்போனது. தலை சீவும்போது கை தோள் உயரத்தோடு நின்றுவிடும். இனிமேல் கனம் தூக்கினால் கை அப்படியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வரும் வழியில் இரண்டு வாளி வாங்கி வந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு வீட்டுவசதி அலுவலகம் எங்களைக் கேட்டிருந்தது: உங்கள் கட்டடத்துக்கு முதலில் என்ன வேண்டும், கூடிப் பேசிச் சொல்லுங்கள் என்று. கூட்டத்துக்கு யாருமே போகவில்லை. அலுவலகம் தானே யோசித்து, கட்டடத்துக்கு வெளியே மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் எதிர்வீட்டுத் தையல்கார மாமா. "தூரத்துலேர்ந்து பாத்தா நம்ம வீடு பளிச்சுனு தெரியுது. தண்ணிக்கு மட்டும்தான் இன்னும் கண்ணுல படல."

இந்த முறை அதிகாரி நேரிலேயே வந்தார். மாலை நேரம். முற்றத்தில் நின்றவர்களை அழைத்து, "இந்தக் கட்டடத்துக்கு ஒரு பிரதிநிதி வேணும். யாரு இருக்கீங்க? கை தூக்குங்க" என்றார்.

எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அம்மா, வலி எப்படி இருக்கிறது என்று பார்க்க, கையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிம்மா!" என்று அதிகாரி பெயரை எழுதிக்கொண்டார்.

"ஐயோ சார், நான் தோள் வலிக்குதேன்னு..."

"தோள் குடுக்கத்தானேம்மா ஆள் தேடிட்டு இருக்கோம்!"

அம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பேரை எழுதிட்டாங்க. இனிமே சும்மா இருந்தா நல்லா இருக்காது" என்றார்.

விதி இதுதான். பாதி வீடுகளிலிருந்தாவது ஒருவர் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தால், கூட்டம் கேட்பதை அலுவலகம் செய்யும். வராவிட்டால் அலுவலகமே முடிவெடுக்கும். இந்த முறை அவர்கள் மனதில் இருந்தது ஒரு நீரூற்று. முற்றத்தின் நடுவில் ஒரு மீன் சிலை, அதன் வாயிலிருந்து தண்ணீர் பீச்சும். படம்கூட வரைந்து வைத்திருந்தார்கள்.

"பரவாயில்லையே" என்றார் தையல்கார மாமா. "இனி மீன் வாயில வாளி பிடிக்கலாம்."

கூட்டம் நடக்கும் அறை தரைத்தளத்தில் இருந்தது. அதிலிருந்த நாற்காலிகளை எப்போதோ யாரோ இரவல் வாங்கிப்போனார்கள், திரும்பி வரவில்லை. அதனால் அலுவலகத்தின் அறிவிப்பில் கடைசியாக எப்போதும் ஒரு வரி இருக்கும்: "வருவோர் தங்கள் நாற்காலியைத் தாங்களே கொண்டு வரவும்."

அம்மா மாடிப்படி அடியில் இருந்த கரும்பலகையில் அறிவிப்பை எழுதினார். அந்த வரியையும் அழகாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. பேருந்து இருக்கைதான் உண்டு. பணிமனையில் ஒரு பழைய வண்டியைப் பிரித்தபோது, இருவர் உட்காரும் இருக்கை ஒன்றை அப்பா கேட்டு வாங்கி, கால் வைத்து, கொண்டுவந்து போட்டிருந்தார். உட்கார்ந்தால் ஒரு ஓரம் குத்தும். முதுகுப் பக்கத்தில் யாரோ ஆணியால் இதயம் ஒன்றைக் கீறி, அம்பு விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

கூட்ட நாளன்று அப்பா முன்பக்கம் பிடித்தார், நான் பின்பக்கம். அம்மா முன்னாலேயே கீழே போய்விட்டார். நான்காம் மாடியிலிருந்து அந்த இருக்கை 'டங், டங்' என்று கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டே இறங்கியது. ஊருக்கே கேட்டிருக்கும்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் விசில் நின்றிருந்தான்.

விசில் என் வகுப்புப் பையன். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதில் நாக்கை வைத்து ஊதினால் நிஜ விசில் தோற்கும். எங்களைப் பார்த்ததும் ஊதினான்.

"ப்ர்ர்ரீ! போலாம் ரைட்! வழி விடுங்க, பஸ் வருது! எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?"

கதவுகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. சிரிப்பு படி படியாக இறங்கி எங்களுக்கு முன்னால் போனது.

அப்பாவும் சிரித்தார். "உனக்கு அரை டிக்கெட்தான்டா. ஏறிக்கறியா?" என்றார்.

அப்பாவுக்கு எதற்கும் காது சுடாது. எனக்கு இரண்டு காதும் அடுப்பில் வைத்ததுபோல் இருந்தது.

அறையில் சிலர்தான் இருந்தார்கள். எல்லாரும் நல்ல நல்ல நாற்காலிகளோடு வந்திருந்தார்கள். முதல் மாடி வாத்தியார் கைவைத்த மர நாற்காலியில் சாய்ந்திருந்தார். எங்கள் இருக்கையின் கிழிந்த இடத்தைப் பாவாடையால் மூடிக்கொண்டு, கூட்டம் முடியும்வரை நான் அசையவே இல்லை.

அதிகாரி தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "பாதி வீடுகூட வரலையேம்மா" என்றார். "அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை வர்றேன். அதுதான் கடைசி. அன்னிக்கும் இப்படித்தான்னா, மீனுக்குச் சொல்லிடுவேன்."

மறுநாள் பள்ளியில் எனக்குப் புதுப்பெயர் வந்திருந்தது. "பஸ் சீட்டு, கொஞ்சம் தள்ளி உக்காரு." "பஸ் சீட்டு, ஜன்னல் ஓரம் காலியா?" விசில்தான் ஆரம்பித்து வைத்தான். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததாகத்தான் ஞாபகம்.

மாலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

இரண்டாம் மாடி நர்ஸ் அக்கா முகம் மலர்ந்து, "கண்டிப்பா வர்றேன்! நம்ம கட்டடம், நாம பேசாம யாரு பேசுவா?" என்றார். கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "நாற்காலி கொண்டு வரணுமோ?"

"ஆமா, ஒண்ணு போதும்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு எனக்கு டியூட்டி மாத்திடுவாங்களோ என்னமோ. பாக்கறேன்."

முதல் மாடி லாரி ஓட்டுநர் மாமாவும் வருவதாகச் சொன்னார். பிறகு, "நாற்காலியா? முதுகு பிடிச்சிருக்கும்மா. ஒரு துரும்பைத் தூக்க முடியல" என்றார். அதற்கு முந்தின நாள்தான் அவர் ஒரு சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி போனதை நான் பார்த்திருந்தேன்.

புதிதாகக் கல்யாணமான இருவர் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். "எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதுவும் ஒரு கால் ஆடும். கொண்டு வந்தா யாரு உக்காருறதுன்னு சண்டை வரும், வேண்டாம்மா" என்று சிரித்தார்கள். சிரிப்பு சரியாக வரவில்லை.

கீழிருந்து மேலேறி வருவதற்குள் அம்மா சோர்ந்துபோனார். மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி வேணும்னு யாருக்குமே தோணலையா, குட்டி?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லாரும் சோம்பேறிகள் என்று நினைத்தேன்.

"அந்த ஒரு வீடுதான் பாக்கி" என்று அம்மா கையைக் காட்டினார். "நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் மேல போறேன்."

அது விசிலின் வீடு.

போகவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா தோளைப் பிடித்தபடி எழுந்த விதத்தைப் பார்த்த பிறகு, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய்த் தட்டினேன். கதவு உள்ளங்கை அளவு திறந்தது. அந்தச் சந்தில் விசிலின் ஒரு கண் தெரிந்தது.

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை கூட்டம். உங்க வீட்லேர்ந்து ஒருத்தர் வரணுமாம்."

"அப்பா ராத்திரி காவல் முடிஞ்சு வந்து தூங்குறாரு. அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. போ."

கதவு மூடப்போனது. அதற்குள் அவன் கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் கை வந்து கதவை இழுத்தது. அவன் தங்கச்சி.

"அண்ணா, யாரு? அக்காவா? உள்ள வாங்கக்கா! உக்காருங்கக்கா!"

"ஏய், சும்மா இரு!" என்றான் விசில். அவள் கேட்கவில்லை. ஓடிப்போய் மூலையிலிருந்து ஒரு வாளியை உருட்டிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்டாள். மேலே ஒரு பழைய துண்டை மடித்து வைத்து, கையால் தட்டிச் சரிசெய்தாள்.

"இதுதான் எங்க நாற்காலி. அண்ணன் இதுல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். இப்ப நீங்க உக்காருங்க."

மஞ்சள் பெயின்ட் வாளி அது. கட்டடத்துக்கு வெளியே பூசிவிட்டுப் போட்டுப்போனது.

அறை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள். ஒரு பாயில் அவன் அப்பா சுவரைப் பார்த்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கயிற்றில் மடிப்புக் கலையாத துணிகள். வேறு எதுவும் இல்லை. உட்கார என்று ஒன்றுமே இல்லை.

நான் விசிலைப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதனால் காது மட்டும்தான் தெரிந்தது. மடலின் நுனிவரை சிவந்து கிடந்தது. என் காதுகள் சுடும்போது வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டேன்.

"ஸ்கூல்ல போய்ச் சொல்லுவியா?" என்று அவன் கேட்டான். நிஜமாகவே கேட்டானா, இல்லை அவன் நின்ற விதம்தான் அப்படிக் கேட்டதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் வாளிமேல் உட்கார்ந்தேன். அவன் அப்பாவின் குறட்டை மட்டும் கேட்டது.

"நல்லா இருக்கு" என்றேன் தங்கச்சியிடம். "எங்க சீட்டு ஓரத்துல குத்தும். இது குத்தல."

அவள் பெருமையாகச் சிரித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மேலே போகக் கால் வரவில்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், பாதிப் படியில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

நர்ஸ் அக்கா கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. லாரிக்கார மாமா சொல்லவில்லை. கால் ஆடும் நாற்காலிக்காரர்களும் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். நாற்காலி என்ற இடத்தில்.

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது என்றால், நம் வீட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குவது மாதிரி. கிழிசல், ஆட்டம், கீறல் எல்லாம் கதவு கதவாகக் காட்டிக்கொண்டே போக வேண்டும். நாற்காலியே இல்லாதவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

அப்போதுதான் கவனித்தேன். நான் உட்கார்ந்திருந்தேன். இதற்காக எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா பேருந்து இருக்கையின் ஒரு திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கூட்டத்தைப் படிக்கட்டுலயே வெச்சா என்ன?"

"படிக்கட்டுலயா? அறை இருக்கே."

"அறைன்னா நாற்காலி வேணும். படியில வேண்டாமே. கதவைத் திறந்தா கூட்டம். அவ்வளவுதான்."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "ஒரு நாற்காலி தூக்கறது அவ்வளவு பெரிய விஷயமா? யாராவது உங்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

மஞ்சள் வாளி கண்முன் வந்தது. அதைச் சொன்னால் போதும், அம்மாவுக்கு உடனே விளங்கிவிடும். ஆனால் அம்மா சும்மா இருக்கமாட்டார். மறுநாளே யாரிடமாவது கேட்டு ஒரு பழைய நாற்காலி வாங்கி விசில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். படிக்கட்டு முழுவதும் அதைப் பார்க்கும்.

"யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன். "எனக்குத்தான் வெட்கமா இருக்கு. நம்ம சீட்டைத் தூக்கிட்டு வர."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அப்பாவின் கையில் திருப்புளி நின்றது. திறந்து கிடந்த குழாய் "ஹூம்ம்ம்" என்றது. கடைசியில் அப்பா இருக்கையின் கைப்பிடியை மெல்லத் தடவினார்.

"கனம்தான் அது" என்றார். "நாலு மாடி தூக்கறதுன்னா, கனம்தான்."

என் காதுகள் அன்று சுட்டதுபோல் அதற்கு முன்பும் சுட்டதில்லை, பிறகும் சுட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் பின்னாலேயே போனேன். கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்:

"கூட்டம் நம் படிக்கட்டில். நாற்காலி வேண்டாம்."

கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா இரண்டாம் மாடித் திருப்பத்தில் போய் நின்றார். நானும் அப்பாவும் அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

பிறகு ஒரு தாழ்ப்பாள் சத்தம். புதுக் கல்யாணக்காரர்கள் வந்து ஒரே படியில் ஒட்டி உட்கார்ந்தார்கள். சண்டை எதுவும் வரவில்லை. நர்ஸ் அக்கா ஈரத் தலையோடு வந்தார். டியூட்டி மாறவில்லை போலிருக்கிறது. லாரிக்கார மாமா வந்தார், முதுகு நேராகிவிட்டிருந்தது. வாத்தியார் மட்டும் பழக்கதோஷத்தில் மர நாற்காலியோடு வந்தார். படியில் அதை எப்படிப் போட்டாலும் சாய்ந்தது. இரண்டு முறை முயன்றுவிட்டு, வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

விசிலின் அப்பா கொட்டாவியோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். பின்னாலேயே விசிலும் தங்கச்சியும். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

அதிகாரி நேராகக் கீழே இருந்த அறைக்குப் போனார். யாரும் இல்லை. திரும்பப் போனவர், படிக்கட்டில் எழுந்த இரைச்சலைக் கேட்டு மேலே வந்தார். கடைசிப் படியிலிருந்து ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தார். பாதியைத் தாண்டி வெகுநேரம் ஆகியும் எண்ணிக்கை நிற்கவில்லை.

"என்னம்மா இது?"

"கூட்டம் சார்" என்றார் அம்மா.

"அறையிலதானே நடத்தணும்?"

"விதியில அறைன்னு இல்ல சார். கட்டடத்துக்குள்ளன்னுதான் இருக்கு. படிச்சுப் பாத்துட்டேன்."

அதிகாரி உட்கார இடம் தேடினார். ஒரு படிகூடக் காலி இல்லை. கையிலிருந்த கோப்புகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது விசில் எழுந்தான். மேலே போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் மஞ்சள் வாளி இருந்தது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் காதுகள் நுனிவரை சிவந்திருந்தன. ஆனாலும் தலையைக் குனியவில்லை. திருப்பத்தில் வாளியைக் கவிழ்த்தான். துண்டை மடித்து வைத்தான். கையால் தட்டிச் சரிசெய்தான்.

"உக்காருங்க சார். எங்க வீட்டு நாற்காலி."

அதிகாரி உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். "இது நாங்க அடிச்ச பெயின்ட் வாளி மாதிரி இருக்கே?"

"ஆமா சார். போன வருஷம் நீங்க செஞ்சதுல எங்களுக்கு உபயோகப்பட்டது இது ஒண்ணுதான்."

முதலில் சிரித்தவர் என் அப்பா. அப்புறம் எல்லா மாடியும் சிரித்தது. அதிகாரியும் வாளிமேல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வழி! வழி!" என்று கீழிருந்து ஒரு குரல். தையல்கார மாமா. இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. "நல்ல நேரம் பாத்துக் கூட்டம் போட்டீங்க! இப்ப விட்டா கீழயும் தண்ணி நின்னுடும். எல்லாரும் இப்படி அடைச்சுக்கிட்டு உக்காந்தா நான் பறந்தா போறது?"

கீழ்ப்படியில் இருந்த லாரிக்கார மாமா உட்கார்ந்தபடியே ஒரு வாளியை வாங்கி மேல்படிக்குக் கொடுத்தார். அங்கிருந்து வாத்தியார் வாங்கினார். அவரிடமிருந்து நர்ஸ் அக்கா. வாளி கை மாறிக் கை மாறி ஏறியது. திருப்பத்துக்கு வந்தபோது வாங்க வேண்டியவர் அதிகாரி. வேறு வழியில்லாமல் எழுந்து வாங்கினார்.

"அப்பா! இவ்வளவு கனமா?" தண்ணீர் தளும்பி அவருடைய காலணிக்குள் போனது.

"இது பாதி வழிதான் சார்" என்றார் அம்மா. "இன்னும் ரெண்டு மாடி இருக்கு."

"தினமும் இப்படியா தூக்கறீங்க?"

அம்மா வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். அது தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

"இவ்வளவுதான் சார் ஏறுது. எங்க வீட்டுத் தண்ணி மாதிரியே."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி வாளியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் ஈரக் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"முற்றத்துல நீரூற்று வேணுங்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. விசிலின் தங்கச்சி. "எனக்கு மீன் வேணும்" என்றாள்.

"தண்ணி மேல்மாடி வரைக்கும் ஏறணுங்கறவங்க?"

கைகள் கைகளாக உயர்ந்தன. அம்மா இடது கையைத் தூக்கினார். இந்த முறை வேண்டுமென்றே. தங்கச்சி இரண்டு கையையும் தூக்கினாள்.

அதிகாரி எழுதி, உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, காலணி 'சளக் சளக்' என்று சத்தமிட இறங்கிப் போனார்.

எல்லாரும் எழுந்துகொண்டிருந்தபோது விசில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதை?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாக்கைப் பல்சந்தில் வைத்தான்.

"ப்ர்ர்ரீ! போலாம் ரைட்! மேல போறவங்க முன்னால போங்க, அடுத்த ஸ்டாப் நாலாம் மாடி!"

நான்தான் முதலில் சிரித்தேன். காதைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போனேன். "அப்பா, நம்ம சீட்டை மூணாம் மாடித் திருப்பத்துல போடலாமா? தண்ணி தூக்கிட்டு வர்றவங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போவாங்க."

"தூக்கிட்டுப் போக உனக்கு வெட்கமா இருக்கும்னு சொன்னியே?"

"இப்ப கொஞ்சம்தான் இருக்கு."

அப்பா முன்பக்கம் பிடித்தார். நான் பின்பக்கம். பாதி வழியில் விசில் ஓடிவந்து என் பக்கத்தில் கை கொடுத்தான். அவன் ஊதவில்லை. இருக்கைதான் 'டங், டங்' என்றது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் புது மோட்டார் வந்தது. முதல் நாள் எங்கள் வீட்டுக் குழாய் நெடுநேரம் பெருமூச்சு விட்டது, இருமியது, பிறகு தண்ணீர் விட்டது. அம்மாவின் தோள் ஏறக்குறைய சரியாகிவிட்டது. இப்போது கையைத் தலை உயரம் வரை தூக்குவார், அதற்கு மேல் தூக்க வேண்டிய வேலையும் இல்லை. அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். வாத்தியார் ஓய்வு பெற்றார். கூட்டம் இன்றும் படிக்கட்டில்தான் நடக்கிறது.

விசில் மின்சார வேலை செய்கிறான். பல்சந்தை அடைத்துவிட்டார்கள், அதனால் ஊத வராது. பெயர் மட்டும் நிற்கிறது. இந்தக் கதையை எழுதலாமா என்று அவனைக் கேட்டேன். "எழுது, ஆனா வாளி மஞ்சள்னு சரியா எழுது" என்றான். அவன் தங்கச்சிதான் இப்போது கட்டடப் பிரதிநிதி. மீன் எங்கே என்று இன்னும் அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பேருந்து இருக்கை அதே திருப்பத்தில் இருக்கிறது. தையல்கார மாமா அதற்குப் புது உறை தைத்துப் போட்டார். உறையைக் கழற்றிப் பார்த்தால் பச்சையா நீலமா என்று தெரிந்துவிடும். ஆனால் எப்போது போனாலும் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள்.